ஏனோக்கின் வெட்டில் யாரும் சாவதில்லை

நான் மேஸ்திரியாக இருந்த ஒன்பது வருஷத்தில் எங்கள் நிலக்கரிச் சுரங்கத்தின் மேற்கு வெட்டில் ஒரு ஆள்கூடச் சாகவில்லை. ஏழு பேர் அங்கே அடிபட்டார்கள். ஏழு பேரும் மேலே வருகிற வழியில் செத்தார்கள். ஒருவர் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வந்து நின்றதும், ஒருவர் விளக்கறை வாசலில், இரண்டு பேர் கேட்டைத் தாண்டியதும், மற்றவர்கள் சொந்த வீட்டு வாசற்படியில். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. பதிவேட்டை எழுதியவன் நான்.

எங்கள் வெல்ஷ் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கத்துக்குள் ஒரு ஆள் செத்துவிட்டால் அத்தனை பேரும் கருவியைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். யாரும் உத்தரவு போடத் தேவையில்லை. அன்றைக்குக் கூண்டை இழுக்கும் சக்கரம் சுற்றாது, கரி ஏறாது. மறுநாள் ஆட்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த இரண்டு பேர் முதலில் இறங்கி, சாவு நடந்த இடத்தைத் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். வெறும் காயம் என்றால் இந்தச் சங்கடம் எதுவும் கிடையாது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள், மீதி நானூறு பேர் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆக, செத்தானா, அடிபட்டானா என்று சொல்கிற வாய்க்கு அங்கே ரொம்ப மதிப்பு. அந்த வாய் மேஸ்திரியுடையது. டாக்டர் மேலே இருப்பார், கீழே நான்தான் டாக்டர். நான் பார்த்த நோயாளிகள் எல்லோரும் பிழைத்தார்கள், மேலே வருகிற வரைக்கும்.

இதை லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். போர்வையை மோவாய் வரைக்கும்தான் இழுக்க வேண்டும், அதற்கு மேல் போனால் காரியம் கெட்டது. தொப்பியை நெற்றி வரை இறக்கி வைக்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வாய் ஓயக் கூடாது. "கொஞ்சம் தாங்கிக்கப்பா, வெளிச்சம் வந்தாச்சு, நல்லாத்தான் இருக்க" என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வர வேண்டும். நான் நிறுத்தினால் தூக்குகிறவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பிணத்தோடு இவ்வளவு அன்பாகப் பேசிய மனிதன் உயிரோடு இருந்தவர்களோடு அப்படிப் பேசியதில்லை. என் மனைவி குவென் இதற்குச் சாட்சி.

ஆட்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்கு 'உசிரு ஏனோக்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள். வேதத்தில் வருகிற ஏனோக்கு மரணத்தைக் காணாமல் எடுத்துக்கொள்ளப்பட்டவன் என்பதால், ஜெபக்கூடத்திலேயே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் ஒருவரும் விதவைகளிடம் மட்டும் வாய் திறந்ததில்லை. உன் புருஷன் தலை நசுங்கி அந்த இடத்திலேயே போய்விட்டான் என்று எந்த மனிதன் போய்ச் சொல்வான்? அது அவர்களுடைய இரக்கம். அதன் மேல் ஏறி உட்கார்ந்து நான் ஒன்பது வருஷம் சவாரி செய்தேன்.

விதவைகளுக்குக் கடைசி வார்த்தையும் நானே தயார் செய்து கொடுத்தேன். ஆரம்பத்தில் ஆளுக்கு ஒன்று என்று சிரத்தையாகச் செய்தேன். பிறகு சரக்குத் தீர்ந்துவிட்டது. ஒரு நாள் ரொட்டிக் கடையில் இரண்டு விதவைகள் பேசிக்கொண்டிருந்தார்களாம். "பிள்ளைங்களப் படிக்க வைன்னாரு எங்க வீட்டுக்காரர்." "எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு." "உங்களுக்குத்தான் பிள்ளையே இல்லையே." குவென் இதை என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

சட்டம் தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. சுரங்க வாயில் ஒரு விதிப் பலகை உண்டு. ஐம்பத்திரண்டு விதிகள், எல்லாம் இங்கிலீஷில். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு வெல்ஷ் தவிர ஒன்றும் படிக்க வராது. எனக்கு அத்தனையும் மனப்பாடம். மற்ற மேஸ்திரிகள் விதியை மீறினால் மீறுகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. நான் நம்பரோடு தெரிந்து மீறினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மீறியது பதினேழாம் விதி. ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் மேஸ்திரி வலை போட்ட விளக்கோடு ஒவ்வொரு இடமாகப் போய், வாயு இருக்கிறதா, மேல்பாறை உறுதியா என்று பார்த்து, சரியாக இருந்தால் சாக்கட்டியால் தேதி எழுதிவிட்டு வர வேண்டும். சரியில்லை என்றால் குறுக்கே இரண்டு கம்பை நட்டு இடத்தை மூடிவிட வேண்டும். ஒன்பதாம் இடத்தில் கோலால் தட்டினேன். வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. இரண்டு முட்டு கொடுத்தால் போதும், ஆனால் அந்த உயரத்துக்குக் கட்டை கைவசம் இல்லை. இடத்தை மூடினால் மேனேஜர் ஏன் என்று கேட்பார். அவர் அடுத்த மாதம் என்னை உதவி மேனேஜராகப் போடுவதாகப் பாதி வாயால் சொல்லியிருந்தார். அந்தப் பாதி வாய்க்காக நான் தேதியை எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

அந்த இடத்தில் வெட்டுகிற லெய்ஷன் வந்து மேலே அண்ணாந்து பார்த்தான். "ரெண்டு முட்டு வேணும் மேஸ்திரி" என்றான்.

"கட்டை வண்டி வருது. அதுவரைக்கும் அடிப்பக்கமா வெட்டு."

"எப்ப வரும்?"

"வரும்னா வரும்ப்பா. பாறை என்ன உனக்குன்னு காத்துட்டா இருக்கு?"

நகைச்சுவையாகப் பேசுவதாக எனக்கு அப்போது நினைப்பு.

ஒன்பது மணிக்கு அந்தப் பாறை விழுந்தது. நான் ஓடியபோது லெய்ஷனின் கூட்டாளி கோமர் கல்லைப் புரட்டித் தள்ளிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அந்த இருவரும் பன்னிரண்டு வருஷமாக ஒரே இடத்தில் வெட்டியவர்கள்.

"லெய்ஷன் போயிட்டான் மேஸ்திரி."

"யார் சொன்னது?"

"தலையப் பாருங்க."

"தலைய நான் பாத்துக்கறேன். நீ கால் பக்கம் பிடி."

கோமர் அசையவில்லை. "ஒம்போது வருஷமா இதே பாட்டு. இவன் ஒருத்தனையாவது செத்தவனா விடுங்களேன்."

"மூச்சு இருக்கு, கோமர்."

"எங்க இருக்கு? அது உங்க மூச்சு."

நான் போர்வையை இழுத்தேன், தொப்பியை இறக்கினேன், கையைப் பிடித்தேன். கை இன்னும் சூடாக இருந்தது. அதை ஒரு ஆதாரமாக எனக்கு நானே காட்டிக்கொண்டேன். வழியெல்லாம் லெய்ஷனோடு பேசிக்கொண்டு வந்தேன். கோமர் கால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே நடந்தான். கேட்டைத் தாண்டி இருபது தப்படி போனதும், "ஐயோ பாவம், போயிட்டான்" என்றேன். கீழே வேலை நிற்கவில்லை. மதியத்துக்குள் எங்கிருந்தோ கட்டை வந்து, ஒன்பதாம் இடத்தில் நான்கு முட்டு நின்றது. லெய்ஷன் கேட்டது இரண்டு.

அவன் வீடு சுரங்கத்திலிருந்து இருநூறு கஜம்கூட இருக்காது. அவன் மனைவி கெத்சியாள் கையில் மாவோடு வாசலுக்கு வந்தாள். இந்தப் பெண்ணைப் பற்றி நான் முன்னமே விசாரித்து வைத்திருக்க வேண்டும். மற்ற பெண்கள் விழுந்து அழுவார்கள், நான் கடைசி வார்த்தையைக் கொடுத்துவிட்டு நழுவிவிடுவேன். இவள் அழவில்லை. நடு வீட்டில் கிடத்திய புருஷனைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"விழுந்து எவ்ளோ நேரம் உசிரோட இருந்தாரு?"

நான் தாராளமான மனிதன். "ஒரு மணி நேரம் இருக்கும்மா" என்றேன். அரை நிமிஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு மணி நேரம் என்றால் மரியாதையாக இருக்கும் என்று தோன்றியது.

"பேசினாரா?"

"உன் பேரச் சொன்னார், தங்கச்சி."

அவள் தலையாட்டினாள். நான் எழுந்துவிட்டேன். வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"ஒரு மணி நேரம் இருந்தாரே, டாக்டர் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். ஏன் கூப்பிடல?"

அரசு இன்ஸ்பெக்டர் வர வேண்டும் என்று சாவு விசாரணையைப் பத்து நாள் தள்ளி வைத்தார்கள். அந்தப் பத்து நாளும் கெத்சியாள் என்னை விடவில்லை. அடக்கம் முடிந்த அன்றைக்கு மாலை என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"வலிக்குதுன்னு சொன்னாரா?"

"இல்லம்மா. நினைவு போயிட்டுப் போயிட்டு வந்துச்சு."

"நினைவு வந்தப்ப என் பேரச் சொன்னாரு. அப்ப நான் ரொட்டிக்கு மாவு பிசைஞ்சிட்டிருந்தேன். இருநூறு கஜம். எனக்கு ஒரு ஆள் அனுப்பியிருந்தா ஓடி வந்திருப்பேனே."

இந்த ஒரு மணி நேரம் அதிகம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஒரு மணின்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அரை மணிதான் இருக்கும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்துப் படியில் பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் என்றால் கூண்டு வர ஏன் தாமதம், யார் மணியடித்தது, எத்தனை தரம் அடித்தது என்று கேட்டாள். நான் கால் மணிக்கு இறங்கினேன். புதன்கிழமை ரொட்டிக் கடை வாசலில், "ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்தாம்மா" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம கால் மணின்னீங்க."

சந்தையில் கழுதை விற்கிறவன்கூட இவ்வளவு வேகமாக விலை இறங்க மாட்டான். வாங்குகிறவளோ விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. நான் எவ்வளவு குறைத்தாலும் அந்த நேரத்துக்குள் அவள் புருஷன் உயிரோடு, வலியோடு, அவள் பேரைச் சொல்லிக்கொண்டு கிடந்தான். அவள் வராமல் இருந்தாள்.

குவென் அன்றைக்கு ராச்சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்துவிட்டுக் கரண்டியோடு நின்றாள்.

"கெத்சியா சாப்பிடறதில்லயாம். அடுப்பே பத்த வெக்கலயாம். வாசல்ல நின்னு சுரங்கத்துக் கேட்டையே பாத்துட்டிருக்காளாம், வெடியறவரைக்கும்."

"பாவம்."

"பாவம்தான். ஒரு மணிய அரையாக்கி, அரையக் காலாக்கி வெட்டிட்டே வர்றீங்களே, ஒன்னுமே இல்லன்னு ஒரேயடியா வெட்டிட்டா என்ன?"

"அப்படிச் சொன்னா அன்னிக்கு வேலைய நிறுத்தியிருக்கணும். நிறுத்தியிருந்தா ரெண்டு பேரு போய் ஒம்பதாம் இடத்தப் பாத்திருப்பாங்க. என் கையெழுத்து அங்க இருந்துச்சு, முட்டு இல்ல."

அதுவரைக்கும் நான் யாரிடமும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. குவென் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவ தூக்கம் ஒரு பக்கம், உங்க உதவி மேனேஜர் வேலை ஒரு பக்கம்" என்றாள். "சாப்பிடுங்க, ஆறுது."

அவள் சொன்னது அவ்வளவும் சரி. எனக்குக் கோபம் வந்தது, கிழங்கு முழுவதையும் சாப்பிட்டுவிட்டேன்.

விசாரணை மதுக்கடை மாடியில் நடந்தது. எங்கள் ஊரில் பன்னிரண்டு ஜூரிகள் உட்கார வேறு பெரிய அறை கிடையாது. ஜூரித் தலைவர் துணிக்கடைக்காரர், சுரங்கத்தைப் படத்தில்தான் பார்த்திருப்பார். முன்வரிசையில் மேனேஜர். பக்கத்தில் அரசு இன்ஸ்பெக்டர், நான்கு முட்டுக்கட்டைகளையும் அளந்து குறித்துக்கொண்டு வந்திருந்தார். பின்னால் கெத்சியாள். அவளுக்குப் பின்னால் என் பழைய விதவைகள் நான்கு பேர், துணைக்கு வந்திருந்தார்கள். என் வேலைத் திறமை அத்தனையும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தது.

நான் சத்தியம் செய்துவிட்டு வழக்கமான பாட்டைப் பாடினேன். இடம் பார்த்தேன், தேதி போட்டேன், விழுந்தது, உயிரோடு தூக்கினேன், கேட் தாண்டியதும் போய்விட்டான். மேனேஜர் மெல்லத் தலையாட்டினார். செத்தவனுடைய உறவினர் யாராவது சாட்சியைக் கேள்வி கேட்க விரும்பினால் கேட்கலாம் என்று விசாரணை அதிகாரி சொன்னார். சம்பிரதாயத்துக்குச் சொல்வது, யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கெத்சியாள் எழுந்தாள். பத்து நாளில் பாதியாகிவிட்டிருந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உசிரோட இருந்தாரா?"

"இப்பத்தானே சொன்னார்" என்றார் துணிக்கடைக்காரர்.

"உங்ககிட்டச் சொன்னாரு. எங்கிட்டத் தினம் ஒன்னு சொல்றாரு."

நான் மேனேஜரைப் பார்த்தேன், அவர் தன் நகத்தைப் பார்த்தார். கோமர் கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இந்த இடத்தில் என் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், எனக்கு அடுத்த எண் கிடைக்கவில்லை. ஒரு ஜெபத்துக்குக் கீழே எந்த நேரத்தைச் சொல்வது என்று தேடினேன், மிச்சம் ஒன்றுதான் இருந்தது.

"இல்ல, தங்கச்சி. விழுந்தப்பவே போயிட்டான். நான் போனப்ப கை மட்டும்தான் சூடா இருந்துச்சு."

"என் பேரச் சொல்லல?"

"சொல்லல. நான் கட்டினது."

"வலிச்சிருக்காது?"

"நேரமே இல்ல."

அவள் பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். "பத்து நாளா அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளயே உக்காந்திருந்தேன், மேஸ்திரி" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தூக்கம் வந்தவள் குரலில் சொன்னாள்.

திறந்த வாயை மூட எனக்குத் தெரியவில்லை. பதினேழாம் விதி, கம்பு நடாதது, தேதி, இரண்டு முட்டு, பிறகு வந்த நான்கு முட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் உயிரோடு என்று சொன்னாய் என்று அதிகாரி கேட்டார். "வேலை நிக்கக் கூடாதுன்னு. இவன் மட்டுமில்ல" என்றேன். மேனேஜர் எழுந்து, சாட்சிக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை என்றார். அதற்கு முன்னால் அவர் என் உடம்பைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. "உடம்புக்கு ஒன்னுமில்ல, அவரு சொல்றது நெசம்" என்று கதவோரத்திலிருந்து கோமர் சொன்னான்.

அன்றைக்குக் குவென் பின்னிய கம்பளிக் காலுறையைப் போட்டிருந்தேன், ஜெயிலுக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். ஜூரிகள் கால் மணி நேரம் கூடிப் பேசி, 'தற்செயலான மரணம், முட்டுக்கட்டைகள் இன்னும் சீக்கிரம் கிடைத்தால் நல்லது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே பீர் குடிக்கப் போனார்கள். என்னை ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. மேனேஜர் மட்டும் மறுநாள் என்னை விளக்கறைக்கு மாற்றினார், உடம்பைக் கருதி. இன்றுவரை அங்கேதான் விளக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு நான் மாடியை விட்டு இறங்கியபோது, நான்கு விதவைகளும் படிக்கட்டின் கீழே நின்றிருந்தார்கள். அந்தக் கடைக்கு வெளியேற வேறு வழி கிடையாது.

முதலாமவள் கேட்டாள், "எங்க வீட்டுக்காரரு?"

"அப்பவே போயிட்டாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினாள். இரண்டாமவள் மறுபடி கல்யாணமானவள், புதுப் புருஷனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள். "அப்பவே." மூன்றாமவள் என் கையைப் பிடித்து, "இத்தன வருஷமா வலியில துடிச்சாருன்னு நெனச்சிட்டிருந்தேன். நன்றி மேஸ்திரி" என்றாள். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். நல்ல காரியம் செய்தவனைப் போல நெஞ்சுகூடக் கொஞ்சம் நிமிர்ந்தது. அப்படிப்பட்ட ஆள் நான்.

கடைசியாக எப்சிபா. ஐம்பது வயதுக்கு மேல், கறுப்புச் சால்வை. அவளுடைய புருஷன் மொர்தெகாய் ஐந்து வருஷத்துக்கு முன் போனவர்.  மற்ற மூவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தன் பங்குக்காகக் கையேந்துகிறவளைப் போல என்னைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரும் அப்பவேதான?"

ஒரே ஒரு சொல். இன்னும் ஒருமுறை சொன்னால் போதும், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். என் நாக்குக்கு அது பழக்கமும்கூட. ஆனால் ஏழு பேரில் அவர் ஒருவர்தான் நிஜமாகவே உயிரோடு இருந்தவர்.

"இல்லம்மா" என்றேன். "அவரு உசிரோடதான் இருந்தாரு. கூண்டு வரைக்கும். என் கைய இறுக்கிப் பிடிச்சாரு. ஏதோ சொன்னாரு."

எப்சிபா கிட்டே வந்தாள். "என்ன சொன்னாரு?"

"தெரியல."

"தெரியலன்னா? பக்கத்துலதான நடந்தீங்க?"

"பக்கத்துலதான் நடந்தேன். உதடு அசஞ்சத நாலஞ்சு தரம் பாத்தேன். காதுல விழல. நான் விடாமப் பேசிட்டிருந்தேன்."

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"'மொர்தெகாய், நல்லாத்தான் இருக்கீங்க'ன்னு."